சித்தப்பா கறி சாப்பிட வந்தார்

சீனப் பேரரசருக்கு ஆறு வயது. அதனால் அவர் பெயரில் நாட்டை ஆண்டது இளவரசர் சைஹெங். இவர் முத்திரை குத்தினால் எங்கோ கான்டனில் ஓர் ஆளுநரின் வேலை போகும். அப்படிப்பட்டவர் அன்று காலை பீக்கிங்கில், தன் மாளிகைத் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, முற்றத்துக் கூடாரத்தில் ஒரு கிழவர் பன்றிக்கறி தின்பதை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிழவர் அவருடைய சித்தப்பா யிசுன். தகப்பனில்லாமல் வளர்ந்த சைஹெங்கை முதன்முதலில் குதிரைமேல் தூக்கி உட்கார வைத்தவர். போன மாதம் அவரிடமிருந்து காவல்படைத் தலைமையைப் பிடுங்கி வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார் சைஹெங். மனிதர் குதிரைமேலேயே தூங்கி வழிந்தால் வேறென்ன செய்வது? "இனிமே அவன் யாரோ, நான் யாரோ" என்று சொல்லிவிட்டு வீட்டில் முடங்கினார் கிழவர்.

அன்று சைஹெங் வீட்டில் முன்னோருக்குப் படையல். படைத்த கறிக்கு, அரச குலத்தாரான மஞ்சு இனத்தார் வீடுகளில் அழைப்பு கிடையாது. தெருவில் போகிறவனும் நுழைந்து உட்காரலாம். உப்பில்லாமல் வேகவைத்த கறி. அவரவர் கத்தியால் அறுத்துத் தின்ன வேண்டியதுதான். தின்னத் தின்ன வீட்டுக்காரருக்குப் பெருமை. புறப்படும்போது மட்டும் நன்றி சொல்லக் கூடாது, வாயையும் துடைக்கக் கூடாது. சொந்த வீட்டில் தின்றவன் நன்றி சொல்வானா? சொன்னால், 'நான் இந்த வீட்டுக்காரன் இல்லை' என்று ஊரறியச் சொன்னதாகும்.

"அதைச் சொல்லத்தாங்க வந்திருக்காரு" என்றாள் மனைவி நிங்ரூ. "எல்லார் முன்னாடியும் கையைக் கூப்பி நன்றி சொல்லிட்டுப் போகப்போறாரு, பாருங்க."

"கொஞ்சம் வாயை மூடுறியா?" என்றார் சைஹெங். சொல்லிவிட்டால் உறவு அறுந்தது அறுந்ததுதான். உத்தரவு போட்டுத் தடுக்கிற காரியமா இது?

கூடாரத்தில் கிழவருக்குப் பக்கத்திலிருந்த பருத்த அதிகாரி, உப்புக் கரிக்கும் சோயாச் சாற்றில் ஊறிய காகிதத்தைச் சட்டைக் கையிலிருந்து நைசாக எடுத்துக் கறியில் தேய்த்தார். கிழவர் பார்த்துவிட்டார்.

"என்னய்யா பண்றே?"

"கறி கொஞ்சம் சப்புன்னு இருந்துச்சு, ஐயா..."

"சப்புன்னா? எங்க வீட்டுக் கறியா சப்புன்னு இருக்கு? உன் நாக்குலதான்யா கோளாறு!" ஒரு பெரிய துண்டை அறுத்து வாயில் திணித்துக்கொண்டார் கிழவர். "டேய், இன்னொரு தட்டு கொண்டாங்கடா!"

எங்க வீட்டுக் கறியா? திரைக்குப் பின்னால் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் கோபத்தில் வந்த பேச்சை நம்ப முடியுமா? அந்தத் தட்டும் காலியானது, அடுத்ததும் காலியானது. கிழவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

சைஹெங் வெளியே வந்து எதிரில் நின்றார். கூடாரமே மெல்வதை நிறுத்திவிட்டது. கிழவர் வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவர்போல விறைப்பாக நிமிர்ந்தார், கைகளைக் கூப்பினார், வாயைத் திறந்தார். எதிரில் நாட்டை ஆள்பவர் உதட்டைக் கடித்து அழுகையை அடக்கிக்கொண்டிருந்தார்.

திறந்த வாயிலிருந்து நீளமாக ஓர் ஏப்பம் வந்தது. கூப்பிய கைகள் மெல்லக் கீழே இறங்கின.

கிழவர் விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். வழக்கம் தெரியாத புது வேலைக்காரன் ஒருவன் வாய் துடைக்கத் துண்டை நீட்டிக்கொண்டு பின்னால் ஓடினான்.

"அந்தாண்ட போடா!" என்று அதைத் தட்டிவிட்டு, தாடியெல்லாம் கொழுப்பு மினுமினுக்கப் பட்டப்பகலில் பெரிய தெருவில் இறங்கினார் கிழவர்.

"மூணு தட்டு தின்னுட்டு ஒரு வார்த்தை சொல்லாமப் போறாரே மனுஷன்!" என்று சிரித்தாள் நிங்ரூ.

"பின்னே? எங்க சித்தப்பாடி!" என்றார் சைஹெங். கண்ணீர் தாரைதாரையாக வழிந்துகொண்டிருந்தது.