பார்த்தாயிற்று

ரேடார் திரையில் சிவப்பும் பச்சையும் மல்லுக்கட்டிச் சுழல ஆரம்பித்தபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். சுழல்காற்று கிளம்புவதன் அடையாளம் அது என்று வானிலை அலுவலகத்தில் எச்சரிக்கை எழுதுகிறவளுக்குத் தெரியும். வரைபடத்தில் ஊரின் மேற்கே சுற்றிக் கோடு இழுத்தாள். கோட்டுக்குள் அகப்பட்ட அத்தனை செல்போன்களும் ஒரே நேரத்தில் அலறும். அனுப்புவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் போட்டாக வேண்டும்: சுழல்காற்றை யாராவது கண்ணால் பார்த்தார்களா, ரேடார் மட்டும்தான் காட்டுகிறதா? 'பார்த்தாயிற்று' என்றால் ஜனங்கள் விழுந்தடித்துக்கொண்டு ஓடுவார்கள். 'ரேடார்' என்றால் வாசலுக்கு வந்து வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், மகராசர்கள். கொட்டுகிற மழையில் யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை. ஒருமுறை பொய் எழுதினால் அடுத்த எச்சரிக்கையை ஒருவரும் சீந்தமாட்டார்கள். 'ரேடார்' என்றே போட்டு அனுப்பினாள்.

கோட்டுக்குள் அண்ணன் மேனேஜராக இருக்கிற அட்டைப்பெட்டி ஆலையும் இருந்தது. அறுபது பேர் வேலை செய்கிற தகரக் கொட்டகை. கை தானாகப் போனை எடுத்தது.

"அண்ணா, எல்லாரையும் கீழ் ரூமுக்கு எறக்கு."

"வேற பொழப்பே இல்லையா உனக்கு? இந்த மாசத்துல மூணு தடவ பூச்சாண்டி காட்டிட்டீங்க. யாராச்சும் கண்ணால பாத்தாங்களா?"

"பாத்தாச்சுண்ணா. எறக்கு."

பச்சைப் பொய். நாக்கு கொஞ்சம்கூடக் கூசவில்லை.

பத்தாவது நிமிடம், சுழற்சியின் நடுவில் நீலமாக ஒரு பொட்டு முளைத்தது. மழை அப்படித் தெரியாது. காற்று பிய்த்தெடுத்து வானத்துக்குத் தூக்கிய கூரையும் மரமும் செங்கல்லும்தான் அப்படித் தெரியும். பொட்டு ஆலைத் தெருவின் மேல் வந்து வீங்கியது. கண்ணால் பார்த்ததற்குச் சமம்; 'பார்த்தாயிற்று' என்று மாற்றி அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"தப்பிச்சோம்மா. அறுபது பேரும் தப்பிச்சோம்." அண்ணன் விக்கி விக்கி அழுதான். "லாரியத் தூக்கிக் கொட்டகை மேலயே அடிச்சுது. பக்கத்து மரப்பட்டறைக்காரங்களையும் கூப்பிட்டேன். 'ரேடார்னுதானே போட்டிருக்கு'ன்னு போனைக் காட்டிச் சிரிச்சாங்க. இப்ப செவுரு மொத்தமும் அவங்க மேல கெடக்கு. ஒரு கை மட்டும் வெளிய தெரியுது." மூச்சு வாங்கினான். "எங்கிட்ட சொன்னியே, அவங்களுக்கு ஏம்மா சொல்லல?"

போனுக்குள், மேலே போன தகரங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் வந்து விழுந்துகொண்டிருந்தன. அண்ணன் போனை வைக்காமல் காத்திருந்தான்.