பாட்டிலுக்குள் விரல்

நோவ்ரி நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி தண்ணீருக்குள் நின்றிருந்தான். ஆழத்திலிருந்து வருகிறவன் மேலே தலையை நீட்டுமுன் கொஞ்ச நேரம் அப்படி நின்றுதான் ஆக வேண்டும். கடலடியைச் சுற்றிக்காட்டுவது அவன் வேலை; அன்று விருந்தினர் யாரும் இல்லை. நாளை வருகிறவர்களுக்குக் காட்ட எந்தப் பிராணி எங்கே கிடக்கிறது என்று பார்த்துவரத் தனியாக இறங்கியிருந்தான். திரும்பும்போது ஒரு குப்பையாவது எடுத்து வர வேண்டும் என்பது வேலை கொடுத்தவர்களின் கட்டளை. லெம்பே கடலடியின் கறுப்பு மணலில் குப்பைக்கா பஞ்சம்? ஒரு சின்ன பாட்டில் அகப்பட்டது. டார்ச் அடித்துப் பார்த்தான், உள்ளே யாரும் குடியிருப்பதாகத் தெரியவில்லை. எங்கள் ஊரில் எல்லோரும் தூக்குவதுபோலவே கழுத்துக்குள் விரலை விட்டுத் தொங்கவிட்டுக்கொண்டு ஏறினான்.

கயிற்றைப் பிடித்து நின்றபோதுதான் விரலை ஏதோ தொட்டது. பாசி படிந்த கண்ணாடியை மற்றக் கையால் துடைத்தான். எலுமிச்சம்பழ அளவுகூட இல்லாத பழுப்பு நிறப் பிராணி ஒன்று விரலைச் சுற்றி ஒட்டியிருந்தது. வெளிச்சம் பட்டதும் அதன் உடம்பெல்லாம் நீல வளையங்கள் எரிய ஆரம்பித்தன.

நீல வளைய ஆக்டோபஸ். அதைக் காட்டித்தான் அவன் பிழைப்பே ஓடியது. தள்ளி நின்று குச்சியால் சுட்டுவான், படகில் ஏறியதும் கதையாகச் சொல்வான். கடித்தால் வலிக்காது. முதலில் உதடு மரத்துப்போகும், அப்புறம் நாக்கு, கை, கால், கடைசியில் மூச்சு. மருந்து கிடையாது. நினைவு மட்டும் போகாது, எல்லாம் காதில் விழும். யாராவது விடாமல் வாயில் ஊதிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைக்கலாம். இதைக் கேட்டு வெள்ளைக்காரர்கள் விழிப்பதைப் பார்ப்பதில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இப்போது அவன் விழித்துக்கொண்டிருந்தான். உதறினால் கடிக்கும். சும்மா இருந்தால் கடிக்காது என்று யார் சொன்னது? ஒருவேளை ஏற்கெனவே கடித்திருந்தால்? தண்ணீருக்குள் உடம்பு மரத்துப்போனால் வாயிலிருக்கும் காற்றுக் குழாய் நழுவும், எடுத்து வைக்கக் கை வராது. பயத்தில் உடைக்குள்ளேயே மூத்திரம் போனது. மனைவி மெய்டி காலையில் என்ன சொல்லி அனுப்பினாள் என்று யோசித்துப் பார்த்தான், நினைவுக்கு வரவில்லை. மேலே படகின் அடிப்பாகம் கைக்கெட்டும் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. வளையங்கள் மெல்ல மங்கின. பிடி தளர்ந்தது. மூச்சுகூட விடாமல் விரலை உருவிப் பாட்டிலைக் கைவிட்டான். அது மணலை நோக்கி இறங்கிப்போனது. விரலில் கடித்த தடம் எதுவும் இல்லை. ஊறிச் சுருங்கிய தோலில் இருந்தாலும் தெரியப்போவதில்லை.

படகில் ஹெங்கி இருந்தான். மெய்டியின் அண்ணன். கிறிஸ்துமஸ் விருந்தில் நோவ்ரி குடித்துவிட்டு, சர்ச் பாடகர் குழுவில் பாடுகிற அவனைப் பார்த்து, மச்சானுக்குக் காற்றுதான் வருகிறது, பாட்டு வரவில்லை என்று ஊரே சிரிக்கும்படி சொல்லியிருந்தான். ஹெங்கி பாடகர் குழுவை விட்டான், நோவ்ரியோடு பேச்சையும் விட்டான். ஒரே படகில் வேலை என்பதால் சொல்ல வேண்டியதை இருவரும் எஞ்சினிடம் சொன்னார்கள். மாறாதது ஒன்றுதான். நோவ்ரி மேலே ஏறியதும் ஹெங்கி ஒரு கிராம்பு சிகரெட்டைப் பற்றவைத்து, முகத்தைப் பார்க்காமல் நீட்டுவான்.

இன்றும் நீட்டினான். நோவ்ரி பழக்கத்தில் வாங்கி இரண்டு இழுப்பு இழுத்த பிறகுதான் என்ன காரியம் செய்தோம் என்று உறைத்தது. உதடு மரத்துக்கொண்டிருந்தது. கிராம்பு என்றால் மரக்கத்தான் செய்யும். ஆனால் தினமும் இவ்வளவா, இதைவிடக் குறைவா? இத்தனை வருடம் பிடித்ததில் ஒரு நாளாவது கவனித்திருந்தால்தானே. சிகரெட்டைத் தண்ணீரில் வீசினான்.

"மச்சான், பிதுங் ஆஸ்பத்திரிக்கு விடு."

"யாருக்கு என்னவாம்?" ஹெங்கி எஞ்சினிடம் கேட்டான்.

"நீல வளையம். விரல சுத்திக்கிச்சு. கடிச்சுதான்னு தெரியல. உதடு மரக்குது."

ஹெங்கி திரும்பி அவன் முகத்தைப் பார்த்தான். விருந்தினர்களுக்குச் சொன்ன கதையை அவனும் நூறு தடவை கேட்டவன்தான், விளக்க வேண்டியிருக்கவில்லை. கயிற்றை அறுத்து எஞ்சினைக் கிளப்பினான். சுக்கானைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, நோவ்ரியை இழுத்துத் தலையைத் தன் மடியில் சாய்த்தான்.

"நான் விழுந்துட்டா விடாம ஊதணும்," என்றான் நோவ்ரி. "செத்துட்டான்னு நெனச்சு நிறுத்திடாத. எனக்கு எல்லாம் கேட்டுட்டேதான் இருக்கும்."

"காத்துதானே. எங்கிட்ட அது நெறைய இருக்கு."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நோவ்ரிக்கு இருந்தது. நாக்கு தடித்ததுபோல் இருந்தது. அது பயமா, விஷமா? ஹெங்கி கடல் தண்ணீரை அள்ளி வாயைக் கொப்பளித்துத் துப்பினான்.

"பாடு," என்றான். "கிறிஸ்துமஸ்ல நாங்க பாடினத. நீ நிறுத்தினா நான் ஊத ஆரம்பிச்சுடுவேன்."

நோவ்ரி பாடினான். கேட்கச் சகிக்கவில்லை. பிதுங் துறைமுகத்துக் கிரேன்கள் தூரத்தில் தீக்குச்சி உயரத்துக்குத் தெரிந்தன, வளர்வதாகவே இல்லை. முதல் அடி முடிந்தது, இரண்டாவது முடிந்தது. மூன்றாவது அவனுக்கு நன்றாகவே நினைவிருந்தது. தொடங்குவதற்கு உதடுகளைச் சேர்க்கப் பார்த்தான். மேலே ஹெங்கி, பாட எழுந்து நிற்கிறவன்போல, மார்பு நிறைய மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக் குனிந்தான்.