நான்காவது நட்டு

கட்டைவிரலில் இருந்த சிவப்பு போகவே மாட்டேன் என்றது. தங்கை ஈரத்துணியை மடித்து மடித்துத் தேய்த்தாள். அண்ணனின் வலது கை அவள் மடியில் கனமாகக் கிடந்தது. துணி வெள்ளையாகவே இருந்தது.

"ரத்தமாம்மா?" என்று நாற்காலியில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார் சித்தப்பா.

"ரத்தமா இருந்தா எப்பவோ போயிருக்கும். ஆஸ்பத்திரியில ஏதாவது மருந்து பட்டிருக்கும்."

உடம்பில் வேறெங்கும் ஒரு கீறல்கூடக் கிடையாது. அதனால்தான் அவளுக்கு மனசு ஆறவில்லை. நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு, காய்ந்த ரோட்டில், தினமும் திரும்புகிற வளைவில், அவனுடைய கார் ரோட்டை விட்டு விலகிப் போய் ஒரு மதில் சுவரில் முட்டி நின்றிருந்தது. முன்பக்கம் கொஞ்சம் நசுங்கியதோடு சரி. பிரேக் பிடித்த தடமே இல்லை என்றார்கள். நெஞ்சு நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். நாற்பத்தாறு வயது.

"டாக்டர் ஆயிரம் எழுதட்டும். அந்த வண்டிதான் அவனக் கொன்னுது" என்றார் சித்தப்பா. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனுஷர். "வேலைக்குப் போகவும் அதே வண்டி, ரேஸ் மைதானத்துல சுத்தவும் அதே வண்டி. வேணாம்டான்னு தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டானா? பழைய இரும்புக்காரன்கிட்ட சொல்லிட்டேம்மா. பதினோரு மணிக்கு உன் ஷெட்டுக்கு வந்து இழுத்துட்டுப் போயிடுவான். இனிமே அது யார் கண்ணுலயும் படக் கூடாது."

தங்கை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்தேகால். அண்ணனை எடுத்துப் போகும் வண்டி பன்னிரண்டுக்கு வரும். அவள் அவன் கையை மெல்ல இறக்கி அவன் மார்மேல் வைத்துவிட்டு எழுந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். நேற்றிலிருந்து அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை, அழவும் இல்லை. இப்போதும் பார்த்ததோடு சரி.

"இதோ வந்துடறேன் அண்ணி."

ஷெட் இரண்டு தெரு தள்ளி இருந்தது. சக்கரங்களின் சாய்வும் கோணலும் பார்த்துச் சரி செய்கிற அலைன்மென்ட் ஷெட். பதினெட்டு வருஷமாக அவளுடையது. அவளுக்கு வீட்டில் பெயரே ஸ்பானர்தான், வைத்தவன் அண்ணன். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிறவன். எதிரில் உட்காருகிறவர் மூக்கில் அந்தக் கனத்த இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "ஒண்ணா? ரெண்டா? எது தெளிவா இருக்கு?" என்று நாள் முழுக்கக் கேட்கிற வேலை. அதே கேள்வியைச் சாப்பாட்டு மேஜையிலும் கேட்பான், செருப்புக் கடையிலும் கேட்பான். எட்டு மாதமாக வண்டிக்கு ஆர்ம், பின்சக்கரத்தை வண்டியோடு பிணைக்கிற இரும்புத் தண்டு, வாங்குவதற்கும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான்.

மைதானத்தில் வளைவுகளில் சாயக் கூடாதென்று வண்டியை இரண்டு விரல்கடை தாழ்த்தியிருந்தான். தாழ்த்தியதும் பின்சக்கரங்கள் தலையை உள்ளே சாய்த்துக்கொண்டன. புது டயர் ஆறு மாதத்தில் உள்பக்கம் மட்டும் தேய்ந்து கம்பி தெரிந்தது. கம்பெனி போட்டு அனுப்பிய ஆர்ம்களை நீட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. நடுவில் திருகி நீளம் மாற்றுகிற ஆர்ம் வேண்டும், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. அதில் இரண்டு ஜாதி உண்டு. முனையில் ரப்பர் வைத்தது ஒன்று. பள்ளம் மேட்டைத் தாங்கிக்கொள்ளும், சத்தம் போடாது, ஆனால் வேகத்தில் கொஞ்சம் நெளியும். இரும்பு உருண்டை வைத்தது இன்னொன்று. மயிரிழை அசையாது. ஆனால் ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு கல்லையும் முதுகுத்தண்டுக்குச் சொல்லும், மழையும் மண்ணும் பட்டால் சீக்கிரம் தேயும்.

"ரப்பர்தான்டா" என்றாள் அவள், எட்டு மாதமும். "வருஷத்துல ஆறு நாள் ஆடுற ஆட்டத்துக்காக முந்நூறு நாள் முதுக உடைச்சுக்கப் போறியா? பக்கத்துல அண்ணி உக்காந்து வர வேண்டாமா?"

"அது சரி. ஆனா அந்த ஆறு நாள்தானே ஸ்பானர், நான் நானா இருக்கேன்."

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தான். பிரித்துப் பார்த்தால் இரும்பு உருண்டை! அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இவ்வளவு நாள் யோசனை கேட்டதெல்லாம் சும்மா பேச்சுக்குத்தானா என்று இருந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே மாட்டினாள்.

அவளுடைய ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு. நட்டை இறுக்கினவர் கோடு போடக் கூடாது. இன்னொருவர் ஸ்பானர் வைத்து இழுத்துப் பார்த்து, அசையவில்லை என்றால்தான் நட்டுக்கும் ஆர்முக்கும் குறுக்காக மஞ்சள் கோடு போட வேண்டும். நட்டு அப்புறம் துளி திரும்பினாலும் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக் கொடுத்துவிடும். அண்ணனுக்கு ரொம்பப் பிடித்த சட்டம் அது. "கை நம்பினத கண்ணு பாக்காது. எங்க தொழில்லயும் அதான்" என்பான். அன்றைக்கு ஷெட்டில் கூட வேலை செய்கிற டயர்காரர் லீவு. அவள் இறுக்க, அவன் கோடு போட்டான்.

திருகி வைத்த நீளம் மாறாமல் பூட்டுவதற்கு, ஆர்முக்கு இரண்டு வீதம் நான்கு லாக் நட்டு. மூன்று முடிந்தது. நான்காவதை அவள் விரலால் திருகிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. யாரோ வாடிக்கையாளர், பத்து நிமிஷம் பிடித்துக்கொண்டார். திரும்பி வந்து பார்த்தால் அண்ணன் டீ வாங்கப் போயிருந்தான். 'வரட்டும் துரை' என்று முணுமுணுத்துக்கொண்டே மஞ்சள் பேனாவை எடுத்து அவளே கோடு போட்டாள். வண்டியைத் தூக்கி நிறுத்துகிற லிஃப்டிலிருந்து இறக்கிவிட்டாள்.

நடுவில் ஸ்பானரை வைத்து இறுக்கினாளா?

நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோதுதான் முதல் தடவையாக அந்தக் கேள்வி வந்தது. இரவெல்லாம் அதையே உருட்டிக்கொண்டிருந்தாள். போன் ஞாபகம் இருக்கிறது, பேனா ஞாபகம் இருக்கிறது, நடுவில் ஒன்றுமே இல்லை. நெஞ்சு நின்றதால் வண்டி விலகியதா, வண்டியின் பின்பக்கம் திடீரென்று ஆட, அந்தப் பயத்தில் நெஞ்சு நின்றதா? எந்த டாக்டர் அதை எழுதிக் கொடுப்பார்?

ஷட்டரைத் தூக்கினாள். வண்டி லிஃப்டின் மேலேயே நின்றிருந்தது. விபத்து வண்டிகளை இழுத்து வருகிற ரிக்கவரி ஆட்கள் நேற்று மாலை அங்கே தள்ளிவிட்டுப் போனார்கள். வண்டிக் கதவைத் திறந்தவுடன் கண்ணாடி துடைக்கிற மருந்து வாசனை குப்பென்று வந்தது, இப்போதுதான் யாரோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டது மாதிரி. 'சே, தினமும் அவன் உக்காந்த வண்டி, வேற என்ன வாசனை வரும்?' என்று தன்னைத் தானே அதட்டிக்கொண்டாள்.

லிஃப்ட் முனகிக்கொண்டே ஏறியது. சக்கரங்கள் அந்தரத்துக்கு வந்தன. மற்ற மூன்றும் சும்மா தொங்க, இடது பின்சக்கரம் மட்டும் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. யாரும் தொடவில்லை. நான்காவது நட்டு அந்தச் சக்கரத்துக்குத்தான்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் போனாள். வேண்டுமென்றே வலது பக்கத்தில் ஆரம்பித்தாள். முதல் நட்டு, மஞ்சள் கோடு நேராக இருந்தது. இரண்டாவது நேர். இடது பக்கம் வந்தாள். மூன்றாவதும் நேர். மூன்றும் அண்ணன் போட்டவை, ஸ்கேல் வைத்த மாதிரி. வெளிச்சத்தை நான்காவதன் மேல் கொண்டுபோகக் கை வரவில்லை. ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தாள்.

அவள் போட்ட மஞ்சள் கோடு உடைந்திருந்தது. ஆர்மின் மேல் பாதி, நட்டின் மேல் பாதி, நடுவில் அரை விரல்கடை இடைவெளி.

இறுக்கவில்லை. அவள் இறுக்கவேயில்லை! லிஃப்ட் தூணைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, நான்தான்டா, நான்தான்டா" என்று வாய் தானாகச் சொன்னது. அதற்கப்புறம்தான் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

மஞ்சளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு. சிவப்பு. நட்டிலிருந்து ஆர்ம் வரைக்கும் உடையாமல், ஸ்கேல் வைத்த மாதிரி ஓடியது.

அந்தச் சிவப்பை அவளுக்குத் தெரியும். வருஷக்கணக்காக அண்ணியின் விரல்களில் பார்த்த சிவப்பு. மஞ்சள் பேனா ஷெட்டில்தான் இருக்கிறது. அதைக் கேட்டு வந்திருந்தால் எதற்கென்று அவள் கேட்டிருப்பாள், அவன் சொல்ல வேண்டியிருந்திருக்கும். சொல்லியிருந்தால் அவள் ஒரு மாதம் தூங்கியிருக்க மாட்டாள். அது அவனுக்குத் தெரியாதா என்ன! பொண்டாட்டியின் நெயில் பாலீஷைத் திருடிக்கொண்டு போய் வேலையை முடித்திருக்கிறான், படவா.

ஆனால் இறுக்கினவனே கோடு போட்டிருக்கிறான். சட்டம் சட்டம்தான். அவள் சுவரிலிருந்து அளவு ஸ்பானரை எடுத்தாள். போதிய இறுக்கம் இருந்தால் 'டிக்' என்று சொல்லிவிடுகிற ஸ்பானர் அது. நட்டில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள்.

டிக்.

நட்டு மயிரிழைகூட அசையவில்லை. மறுபடி இழுத்தாள். டிக். அது அடங்கிய கையோடு, தலைக்குப் பின்னால், ரொம்பப் பக்கத்தில், கடையில் அவன் பேசுகிற அதே தாழ்ந்த குரல் கேட்டது.

"ஒண்ணா? ரெண்டா? எது தெளிவா இருக்கு?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள் என்று தெரியும். அதனால்தான் திரும்பவில்லை.

"ரெண்டு" என்றாள். "ரெண்டுதான்டா தெளிவா இருக்கு."

அப்புறம் என்ன தோன்றியதோ, அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் வலது கட்டைவிரலை வைத்தாள். வைத்த விரலை வெடுக்கென்று எடுத்தாள். கோடு ஈரமாக இருந்தது.

பதினோரு மணிக்கு இரும்புக்காரர் வந்தபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. "எதும்மா, அந்த மேல நிக்கிறதா?" என்று குனிந்து பார்த்தார்.

"அது எங்கயும் போகாது. அலைய வெச்சதுக்கு மன்னிச்சுக்குங்க."

"உங்க சித்தப்பா..."

"அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

வீட்டுக்கு வந்தபோது கூடம் நிறைந்திருந்தது. செருப்புகளைத் தாண்டி, சித்தப்பாவின் கேள்வியைத் தாண்டி, நேராகப் போய் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்லாமல் இருந்தால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று பட்டது.

"அண்ணி. போன ஞாயித்துக்கெழம நான் ஒரு நட்ட இறுக்காம விட்டுட்டேன். இறுக்கினதா நெனச்சு கோடும் போட்டுட்டேன்." குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு இறங்கியது. "அவன் பாத்துட்டு, அவனே இறுக்கிட்டான். என்கிட்ட சொல்லவே இல்ல."

அண்ணி அவளைப் பார்த்தாள். நேற்றிலிருந்து அசையாத உதடு அசைந்தது.

"நேத்து காலையில வண்டிக்கு அடியில பாய் விரிச்சுப் படுத்திருந்தாரு. கை முழுக்கக் கிரீஸு, கட்டைவிரல் மட்டும் செவப்பு. என்னங்க இது வேஷம்னு கேட்டேன். ஸ்பானர்கிட்ட சொல்லாதன்னு சிரிச்சாரு. வேற ஒண்ணும் சொல்லல." புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டாள். "அந்த நெயில் பாலீஷ் பாட்டில்ல ஒண்ணுமே இல்லம்மா. போன வருஷமே காஞ்சு கட்டியாயிடுச்சு. தூக்கிப் போட மறந்து வெச்சிருந்தேன்."

தங்கை திரும்பினாள். அண்ணனின் கையைப் பார்த்தாள். போகும்போது மார்மேல் வைத்துவிட்டுப் போன அதே இடத்தில், அதே மாதிரி இருந்தது கை. கட்டைவிரல் சுத்தமாக இருந்தது. நகத்தடியில்கூட ஒன்றும் இல்லை.

"தொடச்சீங்களா அண்ணி?"

"நான் இந்த இடத்த விட்டு எந்திரிக்கவே இல்ல. யாரும் கிட்ட வரல."

வெளியே வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. நாற்காலிகள் நகர்ந்தன. வாசலின் இன்னொரு கதவையும் திறந்து வழி விடும்படி யாரோ சொன்னார்கள். அண்ணி அப்போதுதான் தங்கையின் கையைக் கவனித்தாள். மெல்ல எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் கிண்ணத்தில் கிடந்த ஈரத்துணியைப் பிழிந்து, அவளுடைய கட்டைவிரலில் இருந்த சிவப்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"போகாது அண்ணி."

அண்ணி தலையை ஆட்டினாள். துணியை மடித்து, இன்னொரு பக்கத்தால் மறுபடி துடைத்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது.