கெங் வீட்டு ஃபோலிக் அமிலக் கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை மதியம், பன்றிக்கறிக் கொழுக்கட்டை வேகுமுன்பே கூட்டம் தொடங்கிவிட்டது.

மாமனார் கெங் ஷோவ்யே மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, "முதல் அம்சம்" என்றார். மாவட்டக் குடும்பக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் துணைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்தெட்டு வருஷம் சைக்கிளில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் "பெறாதே" என்று சொன்ன வாய் அது. மேலிடத்துக் கொள்கை மாறியதும் "பெறு" என்கிறது. குரலும் கையாட்டமும் அப்படியே இருந்தன.

மருமகள் மியாவ் சின்ரூ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வயது முப்பத்து நாலு. ஏழாம் வாரத்தில் ஒரு கரு போயிற்று, ஒன்பதாம் வாரத்தில் இன்னொன்று. இப்போது மூன்றாவது, ஆறு வாரம். கணவன் ஹாய்போவுக்கு மட்டும் தெரியும். மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக் கூடாது என்பது ஊர் வழக்கம். ஊர் வழக்கங்களில் அவளுக்கு உதவியது அது ஒன்றுதான்.

மாமனார் கையில் இருந்தது பரிசோதனைக் கோப்பு. ஹாய்போவின் பையிலிருந்து கேட்காமல் எடுத்தது. கருத்தரிக்குமுன் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போய்ப் பரிசோதித்துக்கொண்டாலும், கோப்பு பெண்ணின் பெயரில்தான் போடுவார்கள். ஆண்பிள்ளையின் தாளை உள்ளே எங்கேயாவது பின் அடித்துவிடுவார்கள்.

"ஃபோலிக் அமிலத்தை உடம்பு பயன்படுத்திக்கிறதுக்கான மரபணு. ரெண்டு பிரதியும் பழுது. சிவப்பு அம்புக்குறி ரெண்டு. ‘அதிக ஆபத்து’ன்னு கட்டம் கட்டியே போட்டிருக்கான். ஆக, குழந்தை ஏன் தங்கலைங்கிறது இன்னைக்குத் தெளிவாயிடுச்சு. கெங் வம்சத்துல இருபத்தாறு தலைமுறையா இப்படி ஒண்ணு கிடையாது."

சின்ரூவுக்கு அந்தத் தாளைத் தெரியும். குறுக்கிடலாம். குறுக்கிட்டால் விளக்க வேண்டும். விளக்க உடம்பில் தெம்பு வேண்டும்.

"இரண்டாம் அம்சம். அடுத்ததாவது தங்கணும்னா இப்பவே உடம்பைத் தயார் பண்ணணும். சின்ரூ வரி அலுவலக வேலையை விட்டுட்டு நாளையிலேர்ந்து இங்கயே தங்கணும். கட்டில், கஷாயம், கண்காணிப்பு. பொறுப்பாளர், ஹாய்போவோட அம்மா."

"என்னை எவன் கேட்டான்?" என்று அடுப்படியிலிருந்து மாமியார் குரல் வந்தது.

போன தடவை சின்ரூ ஒரு மாதம் இந்த வீட்டுப் பின்னறைக் கட்டிலில் கிடந்தாள். சுவரில் மாமனார் ஒட்டிய அட்டவணை, தினமும் அவர் போட்ட பச்சை டிக். டிக் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை, குழந்தைதான் போயிற்று. இன்னொரு தடவை அதில் படுத்தால் தன்னால் எழுந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

"அப்பா, மேல பேரைப் படிங்க" என்றாள் மாமனாரிடம்.

"அட்டையிலயே இருக்கே. மியாவ் சின்ரூ."

"அட்டை இல்ல. உங்க கையில இருக்கிற தாள்."

அவர் தாளைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், மறுபடி தள்ளிப் பிடித்தார். "கெங்... ஹாய்போ."

ஹாய்போ பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. "எனக்குத்தான்பா ரெண்டும். அவளுக்கு ஒண்ணுதான்."

"ஆம்பளைக்கு எதுக்குடா இந்த டெஸ்ட்டு?"

"குழந்தைல பாதி நான்தானே?"

மாமனார் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "அப்படின்னா இது உங்கம்மா வழியில வந்திருக்கும்."

"ஒண்ணு அம்மாகிட்டேர்ந்து, ஒண்ணு உங்ககிட்டேர்ந்து. ரெண்டு பேரும் குடுத்தாத்தான் ரெண்டு வரும்னு டாக்டரம்மா சொன்னாங்க" என்றாள் சின்ரூ.

டாக்டரம்மா வேறு சிலதும் சொல்லியிருந்தார். இந்த ஷாண்டோங் மாகாணத்தில் வெங்காயத்தாள் போல இது வீட்டுக்கு வீடு உண்டு. அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையைத் தவறாமல் விழுங்கினால் குழந்தையின் மூளைக்கும் முதுகெலும்புக்கும் நல்லது. முன்பு இரண்டு கலைந்ததற்கு இதுதான் காரணமா என்றால், தெரியாது. பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. அந்த அறிக்கையில் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு, ‘தெரியாது’ என்பதற்கு மட்டும் இல்லை.

மாமியார் ஜல்லிக்கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். "யோவ் கெங், ஹாய்போவுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு போச்சே, ஞாபகம் இருக்கா?"

"அப்ப வேலை நெருக்கடி..."

"நெருக்கடிதான். மாநாட்டுல பாராட்டு வாங்கி, நெஞ்சுல சிவப்புப் பூவைக் குத்திக்கிட்டு வந்தே. ‘பரவாயில்ல, அடுத்த வருஷப் பிள்ளைப்பேறு ஒதுக்கீட்டுல பாத்துக்கலாம்’னே. அன்னைக்கு உன் அம்சமெல்லாம் எங்கய்யா போச்சு?"

துணைத் தலைவர் தாளைக் கோப்புக்குள் வைத்தார். மூன்றாம் அம்சம் என்னவென்று யாருக்கும் தெரியாமலே போயிற்று.

தட்டுகளை எடுத்துக்கொண்டு சின்ரூ அடுப்படிக்குப் போனாள். மாமியார் அவளைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்: "எத்தனை வாரம்?"

"ஆறு."

"உன் வீட்டுலயே இரு. வேலைக்குப் போ. கூப்பிட்டா வர்றேன். கூப்பிடலேன்னா வரமாட்டேன். அந்தக் கட்டிலை நாளைக்கே ஆளைக் கூப்பிட்டுக் குடுத்துடறேன்."

சின்ரூ தலையசைத்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். கொட்டாவிதான் வந்தது.

திரும்பும் பேருந்தில் ஹாய்போ மெதுவாகக் கேட்டான்: "இன்னைக்கு நீ ஜெயிச்சுட்டே, இல்ல?"

"தூக்கம் வருது" என்றாள்.

புதன்கிழமை ஏழாம் வாரம் தொடங்குகிறது. அதுவரைக்கும் செய்ய ஒன்றுமில்லை. காலையில் மாத்திரை, எட்டரைக்கு அலுவலகம்.