கடிகாரத்துக்குள் போன பாட்டரி

காட்டேஜ் காவலாளி சிவமுருகன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் வேறு பாட்டரி போட்டான். நான்கு நாளாக நின்றுகிடந்த முள் நகர்ந்தது.

"ஏதுங்க இது?" என்றாள் மனைவி தேவசேனா.

"காட்டேஜ்ல நச்சுக்காத்தக் கண்டுபிடிக்கன்னு ஒரு வெள்ளைப் பெட்டி இருக்குல்ல, அதுல கெடந்தது. நிமிஷத்துக்கு ஒருக்கா கத்துதாம், கெஸ்ட்டுக்குத் தூக்கம் வரலையாம். பாட்டரியக் கழத்தி வீசிருன்னு போன்ல சொன்னாரு சார். புதுப் பாட்டரிய யாராவது வீசுவாங்களா?"

"எதுக்குத்தான் கத்துது?"

"தெரியல. வேற பெட்டி வாங்குங்கன்னு மூணு தடவ சொல்லிட்டேன். பாப்போம்ங்கறாரு. அத விடு, மணி ஓடுது. இனியாவது ஒரு மணிக்குச் சோறு போடு தாயே."

"முதல்ல ஒரு மணிக்கு வந்து சேருங்க."

வரவில்லை.

செண்பகனூரில் மூன்று நாளாக அடைமழை. அப்படிப்பட்ட நாட்களில் காட்டேஜ் விரிப்புகளை ஓர் அறைக்குள் கொடிகட்டிப் போட்டு, சன்னலைச் சாத்தி, நடுவில் கரியடுப்பை வைத்துத்தான் அவன் காயவைப்பான். இரண்டு மணிக்குத் தூக்குவாளியோடு அவளே போனாள். விரிப்புகள் நன்றாகக் காய்ந்திருந்தன. புகை இல்லை, நெடி இல்லை. அவன் நாற்காலியில் தலைசாய்ந்து தூங்குகிறவனைப் போல இருந்தான்.

முதலாளி சுவாமிநாதன் போலீசில் சொன்னார்: "பாட்டரியைத் திருடிட்டுப் போயிட்டான். பெட்டி ஓடியிருந்தா பொழச்சிருப்பான்."

போலீஸ்காரர் வந்து கடிகாரத்தைத் திருப்பிப் படம் எடுத்துக்கொண்டார்.

"அவருதாங்க கழத்தச் சொன்னாரு."

"போன்ல சொன்னதுக்கு சாட்சி இருக்காம்மா?"

வீசச் சொன்ன பொருளுக்குத் திருட்டுப் பட்டம். அவள் தீயணைப்பு நிலையத்துக்கு நடந்தாள். பெட்டியைச் சோதித்த முத்துராஜ் அங்கேதான் இருந்தார்.

"இதுக்குள்ள ஒரு ரசாயன செல் இருக்கும்மா. கரி எரியறப்ப கெளம்புற, மணமே இல்லாத நச்சு அதுல பட்டா கரண்ட் பிறக்கும், அத வச்சுத்தான் பெட்டி எச்சரிக்கும். இந்தச் செல்லுக்கு ஏழு வருசந்தான் ஆயுசு. போன வருசமே முடிஞ்சுபோச்சு. வேற பெட்டி மாத்துங்கன்னுதான் கத்தியிருக்கு."

"அப்ப பாட்டரி உள்ளயே இருந்திருந்தா?"

"எப்பவும் போலக் கத்திக்கிட்டுத்தான் இருந்திருக்கும். நச்ச மோந்து சொல்லியிருக்கும்னு நம்ப முடியாது."

"இத எழுதிக் குடுங்க சார்."

"கேட்டாங்கன்னா சொல்றேம்மா."

யாரும் கேட்கவில்லை. பாட்டரியை அகற்றிய காவலாளியின் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டார்கள். கருமாதி முடிவதற்குள் காட்டேஜில் புதுப் பெட்டி மாட்டியாகிவிட்டது. மூன்று தடவை அவன் கேட்டபோது வராத பெட்டி.

"அந்தச் சனியனக் கழத்தி வீசுங்க அண்ணி," என்றாள் நாத்தனார் கண்மணி, கடிகாரத்தைக் காட்டி.

"வீசச் சொல்றவங்க சொல்லிக்கிட்டேதான் இருப்பாங்க," என்றபடி தேவசேனா உலையில் அரிசியைப் போட்டாள்.

கடிகாரம் அதே பாட்டரியில்தான் ஓடுகிறது. ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை.