ஆஸ்பத்திரி உடுப்பு

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் குடும்பத்துக்குக் கிடைத்த லாபம் ஒரு ஸ்வெட்டர். சாம்பல் நிறம், மார்பில் பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிதாக. வீட்டில் எந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் போவாள். சித்தி பித்தப்பைக்குப் போட்டாள். அம்மா மூட்டுக்குப் போட்டாள். அமெரிக்காவில், இந்த மெம்பிஸ் ஊரில், ஒரு கறுப்புப் பெண் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் டாக்டர் நம்புவதற்கு ஏதாவது சிபாரிசு வேண்டும்.

என் அக்கா கெட்டூராவுக்குப் பிள்ளை பிறந்த மறுவாரம் தலைவலி ஆரம்பித்தது. கால் வீங்கியது. கண்ணில் பூச்சி பறந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், தூக்கமில்லாததால் வருவது, தூங்கச் சொல்லுங்கள் என்றார்கள். சனிக்கிழமை மத்தியானம் நான் காரை எடுத்தேன்.

அம்மா வாசலில் மறித்தாள்.

"இப்படியேவா கூட்டிட்டுப் போற, தலையில துணியோட? ஸ்வெட்டரைப் போடு. சர்ச் செருப்பை எடு. லிப்ஸ்டிக் எங்கடி?"

"அம்மா, அவளுக்குக் கண்ணே சரியாத் தெரியல."

"அதனாலதான் நானே போட்டு விடறேன்." போட்டும் விட்டாள். "வலி எவ்வளவுன்னு கேட்டா பத்துக்கு ஏழுன்னு சொல்லு. ஒன்பதுன்னா போதை மருந்துக்கு அலையறவள்னு நினைப்பான். அஞ்சுன்னா வீட்டுக்குப் போன்னுவான். குரலை உயர்த்தாதீங்க. ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன். முக்கியமா, ஏய் படிச்சவளே, உனக்கு."

அவசரப் பிரிவின் முன்மேசையில் ஒரு வெள்ளைக்கார நர்ஸ் இருந்தாள். அக்காவைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"அட, எவ்வளவு அழகா இருக்கீங்க! பிள்ளை பெத்த மாதிரியே தெரியல. அங்கயா படிச்சீங்க?"

"ஆமா," என்றாள் அக்கா. அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள்.

"வலி எவ்வளவு?"

"ஏழு."

நர்ஸ் காதுத் தொங்கட்டானைப் பார்த்தாள். லிப்ஸ்டிக்கைப் பார்த்தாள். "ஏழு மாதிரி தெரியலயே. உட்காருங்க, கூப்பிடுவோம்."

அம்மாவின் கணக்கு இங்கேதான் தப்பியது. மரியாதைக்குரியவளாகத் தெரியட்டும் என்று சிங்காரித்தோம். நோயாளியாகத் தெரியாமல் போய்விட்டாள்.

மணிக்கட்டு சுளுக்கிய ஒருவர் எங்களுக்குப் பின்னால் வந்து எங்களுக்கு முன்னால் உள்ளே போனார். நான் எழுந்து போய், அந்தப் பக்கம் வந்த டாக்டரை நிறுத்திச் சொன்னேன். அவர் பொறுமையாகச் சிரித்தார்.

"பிள்ளை பெத்த புதுசுல பதட்டம் சகஜம். கணவர் வந்திருக்காரா? அவர்கிட்ட பேசலாமா?"

"அவர் வீட்ல குழந்தையப் பாத்துக்கறார். தலை வலிக்கிறது அவருக்கு இல்ல."

"குரலை உயர்த்தாதீங்க."

நான் உயர்த்தவில்லை. வாயைத் திறந்தாலே உயர்த்தியதாகத்தான் அங்கே கேட்கும்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். ஸ்வெட்டர் கையால் லிப்ஸ்டிக்கைத் துடைத்தாள். செருப்பைக் கழற்றினாள், அது லேசில் வரவில்லை. காலைத் தூக்கி நர்ஸின் மேசைமேல், விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினாள். பிசைந்த மாவில் விழுந்த மாதிரி குழி விழுந்து, அப்படியே நின்றது.

"இது ஒன்பது," என்றாள். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

நர்ஸ் பொத்தானை அழுத்தினாள். காவலாளிகள் இருவர் வந்தார்கள். மூத்தவர் கொட்டாவி விட்டார்.

"வெளிய அனுப்பணும்னா முதல்ல பிரஷர் பாத்துக் குறிக்கணும். இல்லன்னா நான் தொட மாட்டேன். போன தடவை என் தலைதான் உருண்டுச்சு."

ஆக, அக்காவை வெளியேற்றுவதற்காக அவள் கையில் பட்டியைக் கட்டினார்கள். மேல் அளவு நூற்றுத் தொண்ணூற்று நாலு. நர்ஸ் பட்டியைக் கழற்றி மற்றக் கையில் கட்டினாள். அதுவும் அப்படியே. பிறகு காவலாளிகளைத்தான் ஒதுங்கச் சொன்னார்கள். தள்ளுகட்டில் ஓடி வந்தது.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வலிப்பு வந்திருக்கும்," என்றார் அதே டாக்டர். "ஏன் முதல்லயே சொல்லல?"

சாயங்காலம் அக்கா கையில் சொட்டு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. வேறொரு நர்ஸ் வந்தாள், நடந்ததைக் கேட்டு நெஞ்சில் கை வைத்தாள்.

"இவ்வளவையும் தாங்கிட்டு நடந்தா வந்தீங்க! உங்கள மாதிரிப் பெண்களோட உறுதியே தனி."

அக்கா ஒரு கண்ணைத் திறந்தாள்.

"உறுதியெல்லாம் இல்ல மேடம். தலை வலிக்குது. இன்னும் வலிக்குது."

நர்ஸ் சிரித்தாள். நாங்கள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, மருந்து எடுக்கப் போனாள்.