டாரங்கில் யாபிகளின் தைரியம்

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு கவலையும் இல்லை என்பார்கள். வறட்சியில் கோதுமை கருகியபோதும் அதைத்தான் சொன்னோம். வெள்ளம் வேலியை அடித்துக்கொண்டு போனபோதும் அதைத்தான். டாரங்கில் என்ற எங்கள் ஊரின் எல்லைப் பலகையில்கூட மேயர் டெஸ்மண்ட் ஹார்க்னெஸ் அதையே எழுதி வைத்திருக்கிறார்.

ஊருக்கு இருக்கும் ஒரே புகழ் யாபிப் பந்தயம். ஓடைச் சேற்றில் வளை தோண்டிக் கிடக்கும், கொடுக்கு வைத்த இறால்தான் யாபி. கோலீனின் மதுக்கடை முற்றத்தில் வட்டம் போட்டு, நடுவே ஒரு வாளியைக் கவிழ்த்து, அதற்குள் எங்கள் யாபிகளையும் பக்கத்து ஊர் குர்ராபாவின் யாபிகளையும் விடுவோம். வாளியைத் தூக்கியதும் குர்ராபா யாபிகள், யாபிக்குரிய முறைப்படி, பயந்து அசையாமல் கிடக்கும். எங்களுடையவை கொடுக்கைத் தூக்கிக்கொண்டு, வட்டத்தைத் தாண்டிக் கூட்டத்தை நோக்கி நடந்து வரும். கோப்பை குர்ராபாவுக்குப் போய்ப் பல வருஷமாகிறது.

"தண்ணி அப்படி. சுத்தமான தண்ணி குடிச்சா தைரியம் தானா வரும்" என்பார் மேயர்.

இந்த வருஷம் அதைக் கல்லிலேயே வெட்டிவிட்டார்: 'மாநிலத்தின் மிகத் தூய ஓடை.' பந்தயம் முடிந்ததும் திரை விலக்குவதாக ஏற்பாடு. ஒரு விஞ்ஞானி ஆமாம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. நல்ல வேளையாக டாக்டர் மாரியன் ஸ்கல்லி வந்து சேர்ந்தார். அழுக்குத் தண்ணீர் நீர்வாழ் உயிர்களை என்ன செய்கிறது என்பது அவர் ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான ஓடை ஒன்று வேண்டும் என்றார். மேயர் எங்கள் ஓடையைச் சீதனம் கொடுப்பதுபோல் கொடுத்தார்.

தொட்டியில் யாபியை விட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் கொக்கைக் காட்டுவார் டாக்டர். ஒழுங்கான யாபி குழாய்க்குள் போய் ஒளிந்துகொள்ளும். எங்கள் யாபி வெளியே வந்து கொக்கின் காலைப் பிடித்தது.

பந்தயத்தில் வழக்கம்போல் ஜெயித்தோம். மேயர் பதவிச் சங்கிலியை நெஞ்சில் சரிசெய்துகொண்டு டாக்டரை அழைத்தார்.

"எங்க தண்ணியில என்ன இருக்குன்னு நாலு பேருக்குச் சொல்லுங்க, டாக்டரம்மா."

"கவலைக்குப் போடுற மாத்திரை இருக்கு" என்றார் டாக்டர். "நீங்க முழுங்குறீங்க, அது கழிவோட வெளிய போகுது. உங்க சுத்திகரிப்பு நிலையத்தால அதை வடிகட்ட முடியல. ஓடைக்கு வந்து யாபிக்கும் கவலை போயிடுது. கொக்கைப் பாத்தா ஒளியணும்னு தோணல. உங்க ஊர்க் கொக்குங்க யாபியைத் தின்னு கொழுத்துப் பறக்க எவ்ளோ சிரமப்படுதுன்னு கவனிச்சிருப்பீங்களே."

கவனித்திருந்தோம். செழிப்பு என்று நினைத்திருந்தோம்.

"எங்க ஊர்ல யாரும் அதெல்லாம் சாப்பிடுறதில்ல" என்றார் மேயர். "எவனாவது வெளியூர்க்காரன்..."

"ஓடையில நமக்கு மேல ஊரே இல்லையே, டெஸ்" என்றாள் கோலீன்.

எல்லோரும் அவரவர் பீர் நுரையை ஆராய்ந்துகொண்டிருந்தோம்.

"எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார் மேயர்.

"ஊர்ல பாதிப் பேராவது போட்டாத்தான் இந்த அளவுக்கு வரும்."

"அதெப்படி? நான் அரை மாத்திரைதானே போடுறேன்?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது.

"நான் முழுசு, டெஸ்" என்றாள் கோலீன். "உன் மிச்ச அரையையும் என் கணக்குல வெச்சுக்க."

மூலையிலிருந்து கால்நடை மருத்துவர் குவளையை உயர்த்தினார். பாதிரியார் உயர்த்தினார். நானும் உயர்த்தினேன்.

மேயர் தொண்டையைச் செருமினார். "அப்போ கல்லு?"

"நல்ல வடிகட்டி போடுங்க. அப்புறம் நானே வந்து திரையை விலக்குறேன்."

"யாபி?"

"மறுபடி பயப்பட ஆரம்பிச்சிடும்."

அவர் கோப்பையைப் பார்த்தார். திரை மூடிய கல்லைப் பார்த்தார். ஒரு மனிதன் இவ்வளவு கவலைப்பட்டு எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை. கடைசியில் சங்கிலியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கோப்பையை எடுத்துப்போய் குர்ராபா அணித்தலைவன் பாரியின் முன்னால் வைத்தார்.

"எடுத்துக்க. ஜெயிச்சது நாங்க இல்ல, மாத்திரை."

பாரி கோப்பையை ஓரமாக நகர்த்திவிட்டு மேயரின் காதருகே குனிந்தான்.

"அது கிடக்கட்டும், டெஸ். உங்களுக்கு அந்த மாத்திரை எழுதித் தர்ற டாக்டர் வெளியூர் ஆளுங்களைப் பாப்பாரா?"